ரோமாபுரியைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ரோமுக்கு நான்கு தடவை போய் வந்திருக்கிறேன். இன்னும் பாதி ஊரைக்கூடப் பார்த்து முடிக்கவில்லை. யாராவது "அடுத்த மாதம் ரோம் போகிறோம்" என்று சொன்னால் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசத் தோன்றும். நண்பர்களும் உறவினர்களும் கிளம்பும் முன் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கட்டணங்கள் நான் கடைசியாகப் பார்த்தபோது இருந்தவை. முன்பதிவு செய்யும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

நான்கு இரவாவது தங்குங்கள். ஐரோப்பாவில் பத்து நாளில் ஐந்து நாடு என்று போகும் குழுப் பயணங்களில் ரோமுக்கு ஒன்றரை நாள்தான் கிடைக்கும். அதில் கொலோசியத்தை வெளியிலிருந்து ஒரு படம், நீரூற்றில் ஒரு காசு, வத்திக்கானில் ஒரு ஓட்டம், அவ்வளவுதான். கொலோசியம், அதை ஒட்டிய போரம் (பழைய ரோமின் பொதுத் திடல்), பாலத்தீன் குன்று மூன்றுக்கும் ஒரு முழு நாள். வத்திக்கானுக்கு ஒரு நாள். பாந்தியன் என்ற பழங்காலக் கோயில், நவோனா சதுக்கம், ட்ரெவி நீரூற்று இருக்கும் நடு ஊருக்கு ஒரு நாள். நான்காவது நாளை எந்தத் திட்டமும் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள்தான் மனதில் நிற்கும்.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல், மே, அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரிக்கு மேல் போகும். போரத்தில் ஒதுங்க நிழல் குறைவு. நம் வெயிலுக்குப் பழகியவர்கள்தானே என்று நினைக்க வேண்டாம், அங்கே வெயிலிலேயே நாள் முழுக்க நடப்பீர்கள். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஊர்க்காரர்கள் விடுமுறைக்குப் போய்விடுவதால் பல சிறு கடைகள் மூடியிருக்கும். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, ஆனால் சீக்கிரம் இருட்டிவிடும். திறந்தவெளி இடங்களைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள்.

விசாவுக்கு எப்போது விண்ணப்பிப்பது?

இந்திய, இலங்கை கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடை விடுமுறைக்குப் போவதாக இருந்தால் நேர ஒதுக்கீடு கிடைப்பதே சிரமம். பொங்கல் முடிந்த கையோடு வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கொலோசியம் டிக்கெட் ஏன் கிடைக்கவே மாட்டேன் என்கிறது?

அரசு இணையதளத்தில் சாதாரண டிக்கெட் 30 நாளுக்கு முன்புதான் திறக்கும். திறந்த கொஞ்ச நேரத்திலேயே காலை நேரங்கள் தீர்ந்துவிடும். அதனால் போகும் தேதியிலிருந்து முப்பது நாளை எண்ணி நாட்காட்டியில் குறித்துவைத்து அன்றைக்கே வாங்குங்கள். 18 யூரோ டிக்கெட்டில் கொலோசியம், போரம், பாலத்தீன் மூன்றும் அடக்கம். தரைக்குக் கீழே உள்ள அறைகளையும் அரங்கின் தளத்தையும் பார்க்க வேறு டிக்கெட், விலை கூடுதல்.

டிக்கெட்டில் உங்கள் பெயர் அச்சாகியிருக்கும். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். நமக்குத்தான் முதல் பெயர், குடும்பப் பெயர் குழப்பம் எப்போதும் உண்டே. அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதே கட்டத்தில் போடுங்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இலவசம், ஆனாலும் அவர்களுக்கும் ஒரு டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம். அன்றைக்கு வரிசை மிக நீளம். அதற்காகத் தேதியை மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கொலோசியத்துக்குள் பார்க்க என்ன இருக்கிறது? இடிந்த சுவர்தானே?

இந்தக் கேள்வியை என் மாமா கேட்டார். உள்ளே போகும் முன் அவரை வெளிச்சுவரிடம் கூட்டிப்போய் நிறுத்தினேன். கல்லுக்குக் கல் சேரும் இடங்களில் எல்லாம் ஒரு கை நுழையும் அளவுக்குக் குழிகள். அம்மை வடு மாதிரி சுவர் முழுக்க இருக்கும். குண்டு பாய்ந்த தடம் என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். கட்டும்போது அந்தப் பெரிய கற்களைக் காரை பூசி ஒட்டவில்லை; இரும்புப் பட்டைகளால் பிணைத்தார்கள். மொத்தம் சுமார் 300 டன் இரும்பு என்று கணக்கிடுகிறார்கள். சாம்ராஜ்யம் போனபின் இரும்புக்குப் பஞ்சம் வந்தது. ஊர்க்காரர்கள் ஒவ்வொரு பட்டையாகத் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு குழியும் யாரோ ஒருவர் உளியோடு நின்று வேலை செய்த இடம்.

அப்புறம் வடக்குப் பக்க வளைவுகளின் மேலே பாருங்கள், எண்கள் செதுக்கியிருக்கும். மொத்தம் 80 வாசல். அரசருக்கும் பெரிய மனிதர்களுக்குமான நான்கைத் தவிர மற்ற 76-க்கும் எண் உண்டு. அதில் 23 முதல் 54 வரைதான் இன்று மிச்சம். மற்ற பக்கத்து வெளிச்சுவர் 1349-ல் வந்த நிலநடுக்கத்தில் பெரும்பகுதி சரிந்தது. அந்தக் கற்கள் ரோமின் மாளிகைகளுக்கும் தேவாலயங்களுக்கும் போய்விட்டன. 54-ஐ எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்: ஐம்பதுக்கு ஒரு எழுத்து, பக்கத்தில் நான்கு கோடுகள். பள்ளியில் ரோமன் எண்ணில் நான்கை வேறு மாதிரி படித்த பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் கண் விரியும்.

இந்த இடத்தில் முன்பு நீரோ மன்னன் தன் அரண்மனைக்காக வெட்டிய செயற்கை ஏரி இருந்தது. நீரோ செத்தபின் வந்த வெஸ்பாசியன் அந்த ஏரியை வற்றவைத்து, மன்னனுக்கு மட்டும் இருந்த நிலத்தில் ஊருக்கே ஒரு அரங்கத்தைக் கட்டத் தொடங்கினான். கி.பி. 80-ல் அவன் மகன் டைட்டஸ் திறந்துவைத்தான்; விழா 100 நாள் நடந்ததாகப் பதிவு. சுமார் 50,000 பேர் உட்காரலாம். நடுவில் தெரியும் பள்ளத்து அறைகளை அடுத்து வந்த டொமிஷியன் காலத்தில் கட்டினார்கள். விலங்குகளையும் மனிதர்களையும் அங்கிருந்து மரத் தூக்கிகளில் ஏற்றி மேலே மணல் பரப்பிய தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2015-ல் அப்படி ஒரு தூக்கியைச் செய்து அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

அழகான கட்டடம்தான். ஆனால் அங்கே செத்தவர்களையும் நினைக்காமல் என்னால் அங்கே நிற்க முடிந்ததில்லை.

போரத்தில் கல்லும் தூணுமாகக் கிடக்கிறதே, எதைப் பார்ப்பது?

எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் மனதில் நிற்காது. நான்கு இடங்களில் மட்டும் நிதானமாக நில்லுங்கள்.

முதலாவது, செப்டிமியஸ் செவரஸ் வளைவு, கி.பி. 203-ல் எழுப்பியது. மேலே உள்ள கல்வெட்டில் மன்னனையும் அவனுடைய இரண்டு மகன்களையும் புகழ்ந்திருந்தார்கள். அப்பா இறந்தபின் மூத்தவன் கரகல்லா தம்பி கீத்தாவைக் கொன்றான். பிறகு ஊரில் எங்கெல்லாம் தம்பியின் பெயர் இருந்ததோ அங்கெல்லாம் அழிக்கச் சொன்னான். இந்த வளைவின் நான்காவது வரியை உற்றுப் பாருங்கள். மற்ற வரிகளைவிட அந்த இடத்தில் கல் கொஞ்சம் குழிந்திருக்கும். பழைய வெண்கல எழுத்துகளைப் பொருத்திய ஓட்டைகள் புது எழுத்துகளோடு சேராமல் தனியே தெரியும். அந்த ஓட்டைகளை வைத்தே அழித்த பெயரை ஆய்வாளர்கள் படித்துவிட்டார்கள்.

இரண்டாவது, சீசரைத் தகனம் செய்த இடம். தகரக் கூரைக்குக் கீழே ஒரு மண்மேடு, அவ்வளவுதான். ஆனால் எப்போது போனாலும் அதன்மேல் பூ இருக்கும். இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் யாரோ வாங்கி வந்து வைக்கிறார்கள்.

மூன்றாவது, அந்தோனினஸ் மன்னன் தன் மனைவி பாஸ்தினாவுக்காகக் கி.பி. 141-ல் கட்டத் தொடங்கிய கோயில். பிற்காலத்தில் அதற்குள்ளேயே ஒரு தேவாலயம் எழுந்தது. தேவாலயத்தின் பச்சை வெண்கலக் கதவு எட்டாத உயரத்தில் சுவரில் தொங்குவதுபோல் இருக்கும். கதவு வைத்த காலத்தில் தரையே அந்த உயரத்தில் இருந்தது. போரம் முழுவதும் மண் மூடி, மாடு மேயும் புல்வெளியாகக் கிடந்து, "மாட்டுத் திடல்" என்றே பெயர் வாங்கியிருந்த காலம் அது. கதவுக்கும் உங்கள் காலடிக்கும் இடையில் உள்ள அத்தனை மண்ணையும் பிற்பாடு தோண்டி எடுத்திருக்கிறார்கள். தூண்களின் மேற்பகுதியில் சாய்வாக வெட்டுத் தடம் தெரியும். கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கப் பார்த்தார்கள், அவை அசையவில்லை என்று சொல்வார்கள்.

நான்காவது, டைட்டஸ் வளைவு. யூதர்களின் எருசலேம் கோயிலைக் கி.பி. 70-ல் சூறையாடி, அங்கிருந்த ஏழுகிளை விளக்கைத் தூக்கிக்கொண்டு வரும் வீரர்களை உட்சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். வென்றவர்களுக்குப் பெருமையாகவும் தோற்றவர்களுக்கு ஆறாத புண்ணாகவும் ஒரே கல் இத்தனை காலம் நிற்கிறது.

பழைய கட்டடம் எல்லாம் ஏன் தெருவைவிடப் பள்ளத்தில் இருக்கிறது?

டைபர் ஆறு அடிக்கடி கரை உடைத்தது. ஒவ்வொரு வெள்ளமும் ஒரு அடுக்கு வண்டலை விட்டுப் போகும். இடிந்த வீட்டை அள்ளிக் கொட்ட ஆள் இல்லாதபோது அதைச் சமன் செய்து மேலேயே அடுத்த வீட்டைக் கட்டினார்கள். இப்படியே ஊர் பல மீட்டர் உயர்ந்துவிட்டது. பாந்தியனுக்குப் பின்புறம் உள்ள சான்டா மரியா சோப்ரா மினர்வா தேவாலயத்தின் முகப்பில், வெள்ளம் எந்த ஆண்டில் எந்த உயரத்துக்கு வந்தது என்று கல் பதித்திருக்கிறார்கள். 1598-க்கான கல் ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. 1870-ல் வந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் ஆற்றுக்கு இருபுறமும் உயரமான கரைச்சுவர் கட்டினார்கள்.

இந்த அடுக்குகளைப் படி இறங்கியே பார்க்கலாம். கொலோசியத்திலிருந்து பத்து நிமிட நடையில் சான் கிளமென்தே தேவாலயம் இருக்கிறது. தெரு மட்டத்தில் இருப்பது 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். டிக்கெட் வாங்கிக்கொண்டு படி இறங்கினால் அதற்கு அடியில் 4-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் இறங்கினால் முதல் நூற்றாண்டுக் கட்டடச் சுவர்கள், இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு ஒடுக்கமான சந்து, மித்ரா என்ற தெய்வத்தை வழிபட்ட குகை போன்ற அறை. கீழே ஈரக் காற்று முகத்தில் அடிக்கும். எங்கிருந்தோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். ஒரு மூலையில் சுவரிலுள்ள திறப்பு வழியாக அந்தத் தண்ணீர் ஓடுவதையே பார்க்கலாம். மேலே பைகளை மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது. ரோமில் ஒரே ஒரு இடம் சொல் என்று யாராவது கேட்டால் கொலோசியத்தை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

பாந்தியனை ஏன் எல்லாரும் இவ்வளவு புகழ்கிறார்கள்?

உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடும். குவிமாடத்தின் குறுக்களவு 43.3 மீட்டர்; தரையிலிருந்து உச்சிக்கும் அதே 43.3 மீட்டர். அதாவது உள்ளே ஒரு முழு உருண்டையை வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். கம்பி வைக்காமல் கட்டிய கான்கிரீட் குவிமாடத்தில் உலகிலேயே பெரியது இன்றும் இதுதான். ஹேட்ரியன் மன்னன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடித்தார்கள்.

சுண்ணாம்பையும் எரிமலைச் சாம்பலையும் கலந்து காரை செய்தார்கள். அடியில் கனமான கல், மேலே போகப் போக எடை குறைந்த கல், உச்சியில் தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல். சுவர் கனமும் அடியில் சுமார் 6 மீட்டரில் தொடங்கி உச்சியில் ஒன்றேகால் மீட்டர் அளவுக்கு இளைத்துவிடும். நடு உச்சியில் மூடாத வட்டத் திறப்பு. அதன் வழியாக விழும் வெயில் நாள் முழுக்கச் சுவரில் மெல்ல நகரும். மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். தரை நடுவில் லேசாக மேடாக இருக்கிறது, அங்கங்கே சிறு துளைகள், மொத்தம் 22. குனிந்து தேடுங்கள். பிள்ளைகளை எண்ணச் சொன்னால் அரை மணி நேரம் சத்தமே வராது.

முகப்பில் "லூசியஸின் மகன் மார்கஸ் அக்ரிப்பா மூன்றாம் முறை கான்சலாக இருந்தபோது கட்டியது" என்று எழுதியிருக்கும். கான்சல் என்பது ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவி. அக்ரிப்பா கட்டியது தீயில் போய்விட்டது. ஹேட்ரியன் புதிதாகக் கட்டியும் தன் பெயரைப் போடாமல் பழையவர் பெயரையே வைத்தான்.

கி.பி. 609-ல் இதைத் தேவாலயமாக்கினார்கள். அதனால்தான் கல்லுக்காக உடைபடாமல் பிழைத்தது. ஆனால் முன்மண்டபத்தின் வெண்கல உத்தரங்களை 17-ஆம் நூற்றாண்டில் பார்பெரினி குடும்பத்தைச் சேர்ந்த போப் எடுத்துப் பீரங்கி வார்த்தார். "பார்பரியர் செய்யாததைப் பார்பெரினியர் செய்தார்கள்" என்று ரோமர்கள் அன்றைக்கே சொன்னது இன்றும் வழங்குகிறது. பார்பரியர் என்றால் ரோமைச் சூறையாடிய வெளியினத்தார். ஓவியர் ரபேலின் கல்லறையும் உள்ளே இருக்கிறது. 2023 முதல் 5 யூரோ கட்டணம். இது இன்னும் வழிபாடு நடக்கும் இடம், குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

வத்திக்கானுக்கு எப்படித் திட்டமிடுவது?

இரண்டு தனித்தனி இடங்கள் என்பதை முதலில் மனதில் வையுங்கள். புனித பேதுரு பேராலயம் இலவசம், பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும். அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் 20 யூரோ, இணையத்தில் பதிவு செய்தால் இன்னும் 5. சிஸ்டைன் சிற்றாலயம் அருங்காட்சியகத்துக்குள் கடைசியில் இருக்கிறது.

பேராலயத்துக்குக் காலை 7 மணிக்கே போய்விடுங்கள். அந்த நேரத்தில் மைக்கலாஞ்சலோ தன் இருபதுகளில் செதுக்கிய, இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மரியாளைக் காட்டும் பியத்தா சிலைக்கு முன் தனியாக நிற்கலாம். 1972-ல் ஒருவன் சுத்தியலால் அடித்த பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். புதன்கிழமை காலை போப்பின் பொதுச் சந்திப்பு இருக்கும். சந்திப்பு முடியும்வரை உள்ளே போவது சிரமம். அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை, மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள்.

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும் சேர்த்துத்தான். சுடிதார், சேலை, வேட்டி எதுவும் பிரச்சினை இல்லை. அரைக்கால் சட்டைதான் ஆகாது.

சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்கக் கூடாது. அதுவும் நல்லதுதான். சுவரோரம் நீளமாக இருக்கை உண்டு; இடம் கிடைத்தால் உட்கார்ந்து பதினைந்து நிமிடம் மேலே பாருங்கள். கூரை மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தது. பீடத்துக்குப் பின்னால் உள்ள இறுதித் தீர்ப்பு ஓவியம், அறுபதைக் கடந்த வயதில் அவர் மறுபடி வந்து தொடங்கி 1541-ல் முடித்தது. இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். அதே கைதான், ஆனால் இரண்டாவதில் ஒரு பயம் இருக்கிறது.

சீசரைக் கொன்றது எங்கே? போரத்திலா?

இல்லை. அன்று செனட் கட்டடத்தில் வேலை நடந்துகொண்டிருந்ததால் பாம்பே என்ற தளபதி கட்டிய மண்டபத்தில் கூடினார்கள். கி.மு. 44, மார்ச் 15. இன்று அந்த இடம் லார்கோ ஆர்ஜென்தீனா என்ற பேருந்து நிறுத்தச் சதுக்கத்தில் நான்கு பழைய கோயில்களுக்குப் பின்னால் இருக்கிறது. தெருவிலிருந்தே எட்டிப் பார்க்கலாம். 2023 முதல் கீழே இறங்கி நடக்க பாதையும் போட்டிருக்கிறார்கள். இடிபாடுகளுக்கு நடுவே பூனைகள் தூங்கிக்கொண்டிருக்கும். அங்கேயே அவற்றுக்கு ஒரு காப்பகம் உண்டு.

ட்ரெவி நீரூற்றில் காசு போட வேண்டுமா?

உங்கள் விருப்பம். அந்தக் காசு ஏழைகளுக்கான உதவிக்குப் போகிறது. விடியற்காலை ஆறரைக்குப் போனால்தான் தண்ணீர் சத்தம் கேட்கும். பகலில் கூட்டத்தின் சத்தம்தான். 1762-ல் முடித்த சிற்பங்களைவிட எனக்கு வியப்பு அந்தத் தண்ணீர் வரும் வழிதான்: கி.மு. 19-ல் அக்ரிப்பா கொண்டுவந்த கால்வாயின் வழி. தண்ணீரில் காலை நனைத்தால் அபராதம். ஸ்பானியப் படிகள் என்ற அகன்ற படிக்கட்டில் உட்கார்ந்தாலும் அபராதம்தான்.

அம்மா அப்பாவுக்கு முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஆனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம் போதும். தெருக்களில் பதித்திருக்கும் கருங்கல் சதுரங்கள்தான் உண்மையான சோதனை. மேடு பள்ளமாக இருக்கும், மழையில் வழுக்கும். செருப்பு வேண்டாம், தடித்த அடிப்பாகம் உள்ள நடைக்காலணி வாங்கிக் கொடுங்கள். அதையும் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஊரில் போட்டு நடக்கச் சொல்லுங்கள். கொலோசியத்திலும் வத்திக்கான் அருங்காட்சியகத்திலும் மின்தூக்கி உண்டு. போரத்துக்குள் இறங்குவது அவர்களுக்குக் கடினம்; அதை மேலிருந்தே பார்க்க வழி இருக்கிறது, கடைசிக் கேள்வியில் சொல்கிறேன். பேராலயத்தின் குவிமாடம் ஏறுவதை விட்டுவிடுங்கள். மின்தூக்கியில் போனாலும் மிச்சம் 320 படி, கடைசியில் சுவர் சாய்ந்து தலையில் இடிக்கும்.

விமான நிலையத்திலிருந்தும் ஊருக்குள்ளும் எப்படிப் போவது?

பியூமிசினோ விமான நிலையத்திலிருந்து டெர்மினி நிலையத்துக்கு நேர் ரயில் 32 நிமிடம், 14 யூரோ. ஊருக்குள் ஒரு பயணத்துக்கு ஒன்றரை யூரோ, 100 நிமிடம் செல்லும். மெட்ரோ தடங்கள் குறைவு. எங்கே தோண்டினாலும் பழைய ரோம் கிடைப்பதால் வேலை இழுத்துக்கொண்டே போகிறது. சான் ஜொவான்னி நிலையத்தில் அப்படித் தோண்டியதில் கிடைத்தவற்றை நிலையத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், ரயிலுக்காக இறங்கும்போதே பார்க்கலாம். மற்றபடி நடு ஊரில் நடைதான் வேகம்.

திருட்டு பயம் உண்டா?

அடிதடிக்குப் பயப்பட வேண்டாம், ஜேப்படிக்குப் பயப்படுங்கள். டெர்மினி நிலையம், நெரிசலான மெட்ரோ, வத்திக்கானுக்குப் போகும் 64-ஆம் எண் பேருந்து, இந்த மூன்று இடத்திலும் பையை முன்பக்கம் மாட்டுங்கள். ரயில் கதவு மூடும் நொடியில்தான் கை நுழையும். இரண்டாவது பயணத்தில் என் மனைவியின் பணப்பை அப்படித்தான் போனது. நல்லவேளை, கடவுச்சீட்டு அறையில் இருந்தது. கையில் நூல் கட்டிவிட வருபவர்களிடமும் வீரர் வேடம் போட்டுப் படம் எடுக்கக் கூப்பிடுபவர்களிடமும் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? தண்ணீர்?

கிடைக்கும். எடை போட்டு வெட்டிக் கொடுக்கும் பீட்சா, தக்காளிப் பாஸ்தா, கூனைப்பூ வறுவல், எல்லாம் உண்டு. ரோமின் சொந்த உணவான காச்சோ எ பேப்பே ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா. அந்தப் பாலாடைக்கட்டியை உறையவைக்கக் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள்; கண்டிப்பான சைவர்கள் தவிர்க்கலாம். காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை.

தண்ணீர் புட்டிக்குக் காசு செலவழிக்காதீர்கள். தெருவுக்குத் தெரு வளைந்த மூக்கு வைத்த இரும்புக் குழாய் நிற்கும், 1870-களிலிருந்து இருக்கிறது. சில்லென்ற நல்ல தண்ணீர், நிற்காமல் ஓடும். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையிலிருந்து தண்ணீர் வளைந்து வாய்க்கே வரும். ஒரு பாட்டி எனக்குச் சைகையிலேயே இதைச் சொல்லிக்கொடுத்தார்.

நம் ஊருக்கும் ரோமுக்கும் தொடர்புள்ள ஏதாவது அங்கே உண்டா?

இதை யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சி. போரத்திலிருந்து கொலோசியம் பக்கம் நடக்கும்போது மூன்று பிரம்மாண்டமான செங்கல் வளைவுகள் வரும், மக்சென்சியஸ் மண்டபம். அதற்கு அடியில் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கின் மிச்சம் இருக்கிறது. சேர நாட்டு மேற்குக் கரையிலிருந்து, முசிறித் துறையில் ஏற்றி, செங்கடல் வழியாக எகிப்து போய், அங்கிருந்து ரோமுக்கு வந்த மிளகு. பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் யவனர் கப்பல்களை அகநானூறு பாடுகிறது. கறி என்றால் மிளகு. அந்தக் கறி போய்ச் சேர்ந்த இடம் இது. இப்படிப் பொன்னெல்லாம் இந்தியாவுக்குப் போகிறதே என்று ரோமில் பிளினி என்ற எழுத்தாளர் புலம்பினார். அந்தப் பொன்னில் ஒரு பகுதி 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் 501 காசுகளாகப் பூமிக்கடியிலிருந்து கிடைத்தது. கி.பி. 408-ல் கோத்தியர் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது, விலகிப் போகக் கேட்ட பொருள்களில் 3,000 பவுண்டு மிளகும் ஒன்று. ஒரு நகரத்தின் உயிருக்கு விலையாக நம் கொடியில் காய்த்தது போயிருக்கிறது.

இரண்டாவது, ஜேசு தேவாலயம். லார்கோ ஆர்ஜென்தீனாவிலிருந்து மூன்று நிமிட நடை. வலப்பக்கப் பீடத்தில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் முன்கை இருக்கிறது. 1542-லிருந்து முத்துக்குளித்துறை ஊர்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்த வலக்கை. தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்துக்காரர்கள் அங்கே அழுதுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளையைப் புனிதராக அறிவித்ததும் இதே ஊரில்தான், 2022 மே 15, புனித பேதுரு சதுக்கத்தில்.

கூட்டமில்லாத இடம் ஒன்று சொல்லுங்கள்.

ஆப்பியா சாலை. கி.மு. 312-ல் போடத் தொடங்கிய நெடுஞ்சாலை, பெரிய கருங்கல் பாளங்கள் இன்னும் இருக்கின்றன, சில இடங்களில் வண்டிச் சக்கரத் தடமும் தெரியும். வழியிலேயே கிறிஸ்தவர்களின் நிலத்தடிக் கல்லறைகள் இருக்கின்றன. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், உள்ளே குளிரும், ஒரு மேற்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் வார விடுமுறை வேறு வேறு நாள், பார்த்துவிட்டுப் போங்கள்.

தெஸ்தாச்சோ பகுதியில் ஒரு குன்று இருக்கிறது, சுமார் 35 மீட்டர் உயரம். முழுக்க உடைந்த எண்ணெய்ச் சாடிகள்! ஸ்பெயினிலிருந்து ஆலிவ் எண்ணெய் வந்த சாடிகளை மறுபடி பயன்படுத்த முடியாமல் உடைத்து அடுக்கி அடுக்கியே மலையாக்கிவிட்டார்கள். அடிவாரத்து உணவகங்கள் சிலவற்றில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அந்த ஓடுகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்.

கடைசி நாள் மாலை ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால்?

கேபிடோலின் குன்றுக்குப் போங்கள். மைக்கலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கத்தின் நடுவே மார்கஸ் அரேலியஸ் மன்னர் குதிரைமேல் இருப்பார். அது நகல், அசல் வெண்கலச் சிலை பக்கத்து அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. மேயர் அலுவலகக் கட்டடத்தின் வலப்பக்கமாகப் போகும் தெருவில் இறங்கினால் ஒரு கைப்பிடிச் சுவர் வரும். டிக்கெட் கிடையாது. போரம் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு நான் சொன்ன இடம் இதுதான், வாடகைக் காரில் பக்கத்திலேயே வந்து இறங்கலாம்.

வெயில் சாயும்போது சாட்டர்ன் என்ற ரோமத் தெய்வத்தின் கோயிலில் உள்ள எட்டுத் தூண்களும் செம்மஞ்சளாகும். தூரத்தில் கொலோசியத்தின் விளிம்பு தெரியும். இடப்பக்கம் அந்த மூன்று செங்கல் வளைவுகளையும் தேடிப் பாருங்கள். மிளகு இருந்தது அங்கேதான்.